காணிச் செல்வமும் பொதுப்பணியும்: வாவிக்கரைக்கு ஒரு பழைய பாடம்

காணி, கட்டட வணிகத்தில் பொருளீட்டியோர் பொதுவாழ்வில் புகுவது இன்று உலகெங்கும் காணப்படும் காட்சியாகும். நியூயோர்க்கில் மாடிக் கட்டடங்களால் பெயர்பெற்ற டொனால்ட் ட்ரம்ப், 2017 இலும் 2025 இலும் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றமை அதன் உச்சம் எனலாம். ஆயினும், மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அத்தகைய ஒருவரைத் தமது பிரதிநிதியாகத் தெரிவு செய்தவர்கள் அவர்கள்.

அவர்தான் ஹாஜி சேர் முகம்மது மாக்கான் மாக்கார். காலியில் 1860 இல் அவரது தந்தையார் தொடங்கிய இரத்தினக்கல் வணிகம் பின்னர் கொழும்பிலும் வேரூன்றியது. அச்செல்வம் ஆதனமாகவும் மாறியது. காலிமுகத்திடலின் அருகே 1920களில் எழுந்த ‘கோல்பேஸ் கோர்ட்’ மாடிக் கட்டடம் அதற்குச் சான்று. 1924 இல் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட மூன்று ஆசனங்களுள் ஒன்றின் மூலம் அவர் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். டி.பி. ஜாயாவும் என்.எச்.எம். அப்துல் காதரும் ஏனைய இருவர். 1947 இல் செனட் சபையிலும் இடம்பெற்ற அவர் 1952 இல் காலமானார்.

இவ்வாழ்வில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஆண்டு 1931 ஆகும். டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துச் சர்வசன வாக்குரிமையைத் தந்தது. தனி ஆசனத்தை இழந்த மாக்கான் மாக்கார் மட்டக்களப்பு தெற்கில் போட்டியிட்டு வென்றார். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய காலம் அது. அரசாங்க சபைக்குத் தேர்தல் மூலம் தெரிவான ஒரே முஸ்லிம் அவரே. ஏழு அமைச்சர்களுள் ஒருவராகப் போக்குவரத்து, பொது வேலைகள் துறையும் அவர் பொறுப்பில் வந்தது. தமிழரான பெரி சுந்தரமும் அதே அமைச்சர் குழுவில் இருந்தார்.

ஐந்தாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1936 தேர்தலில் மாக்கான் மாக்கார் தோல்வியுற்றார். வேறெந்த முஸ்லிமும் தெரிவாகவில்லை. அவ்வாண்டு அமைந்த அமைச்சர் குழுவில் தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. தனிமனிதரின் செல்வமும் செல்வாக்கும் ஒரு சமூகத்துக்கு நிலையான அரண் ஆகா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கொழும்பை மையமாகக் கொண்ட செல்வந்தத் தலைமை தமது மண்ணின் பிரச்சினைகளைப் பேசவில்லை என்ற மனக்குறை கிழக்கு முஸ்லிம்களிடம் நெடுங்காலம் இருந்துவந்தது. 1981 இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். எனினும், 1960 இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியிலிருந்து செ. இராசதுரையும் மாக்கான் மாக்காரின் புதல்வரும் ஒருங்கே பாராளுமன்றம் சென்றதை மறந்துவிடலாகாது. இரு சமூகங்களும் ஒரே தொகுதியில் தத்தம் பிரதிநிதியைப் பெற வழியிருந்த காலம் அது.

இன்று அதே வாவியின் இருகரைகளிலும் காணியே இரு சமூகங்களின் உயிர்நாடியாக உள்ளது. எழுவான்கரையில் குடியிருக்க நிலம் போதாது. படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும் பிழைப்புக்கு ஆதாரம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்தோர் இரு தரப்பிலும் உளர். அச்சத்தில் அறாவிலைக்கு விற்றோரும் உளர். 2009 இன் பின்னர் பாசிக்குடாவில் சுற்றுலா விடுதிகள் பெருகியபோது கரையோரக் காணியின் பெறுமதியும் உயர்ந்தது. இத்தகைய மண்ணில் காணி வாங்கி விற்போர் பொதுப் பதவிக்கு வருவது குற்றமன்று. வணிகமும் பதவியும் ஒன்றுகலப்பதே ஆபத்து.

2025 மே மாதத் தேர்தலின் பின் அமைந்த உள்ளூராட்சி சபைகளுக்குக் கட்டட அனுமதியிலும் காணித் துண்டாடலிலும் அதிகாரமுண்டு. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் மக்கள் பிரதிநிதிகள் சொத்து விபரங்களை வெளிப்படுத்துவதைக் கட்டாயமாக்கியுள்ளது. அவ்விபரங்களை வாக்காளர்கள் படித்துக் கேள்வி எழுப்பவேண்டும். தமக்கோ உறவினருக்கோ தொடர்புள்ள காணி பற்றிய தீர்மானங்களில் உறுப்பினர்கள் ஒதுங்கியிருத்தல் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. 13 ஆவது திருத்தம் கூறும் தேசிய காணி ஆணைக்குழுவோ பல தசாப்தங்கள் கடந்தும் அமைக்கப்படவில்லை. எனவே, இவ்விழிப்பு மேலும் அவசியமாகின்றது.

மாக்கான் மாக்கார் வெளியூரவர் என்பதோ செல்வர் என்பதோ 1931 இல் வாவிக்கரை வாக்காளருக்குத் தடையாக இருக்கவில்லை. அவர் ஏற்றவரல்லர் எனக் கண்டபோது 1936 இல் அவரை மாற்றவும் அவர்கள் தயங்கவில்லை. வாக்குரிமை புதிதாகக் கிட்டியிருந்த அம்மக்களிடமிருந்த அந்தத் துணிவு, தமிழரும் முஸ்லிம்களுமாகிய இன்றைய வாக்காளரிடம் குன்றிவிடலாகாது. வேட்பாளரின் காணி எவ்வளவு என்பதைவிட, அக்காணி எவ்வாறு வந்தது, பதவியை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பவையே கேட்கப்படவேண்டிய கேள்விகளாகும்.