குழந்தைக்கு ஆன்லைன் கணக்கு வகுப்பா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

பிள்ளைக்குக் கணக்கு வரலைன்னா, வண்ணாரப்பேட்டையில் முன்னெல்லாம் பக்கத்துத் தெரு டியூஷன் அக்காவைத்தான் தேடுவோம். இப்போ கை தானா மொபைலுக்குப் போகுது. 'முதல் வகுப்பு இலவசம்'னு ஒரு விளம்பரம். நம்பரைக் கொடுத்துட்டா போதும், போன் மேல போன் வரும். கொஞ்சம் நிதானிங்க!

2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகப் பேசப்பட்ட பைஜூஸ் மீது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கம்பெனி பெருசுங்கிறதுக்காக மொத்தமா முன்பணம் கட்டிடக் கூடாதுங்கிறதுதான் இதில் நமக்கான பாடம். 'இலவசம்' என்று சொல்லி எளிய குடும்பங்களிடம் ஆட்டோ டெபிட்டுக்குச் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள் என்று 2021 டிசம்பரிலேயே மத்திய கல்வி அமைச்சகம் எச்சரித்தது. எம்.சி. ரோடு துணிக்கடை சம்பளத்திலோ, ஹார்பர் கூலியிலோ ஓடுற வீட்டில், தானா கழியுற பணம் வாடகையில்தான் கை வைக்கும்.

சரி, எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கிறது?

முதல்ல, பிள்ளை தப்பு பண்ணினா அந்தத் தளம் என்ன செய்யுதுன்னு பாருங்க. 42-ல் 17 போனால் 35-னு ஒரு குழந்தை எழுதுது. 2-ல் 7 போகாதுன்னு, 7-லிருந்து 2-ஐக் கழிச்சிருக்கு. கடன் வாங்குறது புரியலைன்னு கண்டுபிடிச்சு விளக்கினா நல்ல தளம். சிவப்புக் குறி போட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவினா, அது வெறும் கேம்.

அடுத்து, ஸ்கூல்ல படிக்கிற மொழியிலேயே பாடம் இருக்கணும். அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போற ஒரே போன்தான் வீட்டில் இருக்குன்னா, ராத்திரி 15 நிமிஷத்தில் முடியுற பாடமா இருக்கணும்.

காசில்லாத வழியை முதல்ல பாருங்க. தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கிற க்யூஆர் கோடை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் பண்ணினா, அந்தப் பாடத்துக்கான வீடியோ இலவசம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு லாப நோக்கமில்லாத கான் அகாடமி இருக்கு. அரசுப் பள்ளின்னா, 2022-ல் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர்னு நிலைகள் உண்டு. உங்க பிள்ளை எந்த நிலைன்னு டீச்சர்கிட்ட கேளுங்க. எங்கே தொடங்கணும்னு தெரிஞ்சிடும்.

ரெண்டு வாரம் கழிச்சு, 50 ரூபாயைக் கொடுத்து 32 ரூபாய்க்கு மளிகை வாங்கிட்டு வரச் சொல்லுங்க. மீதி எவ்வளவுன்னு கடைக்காரர் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளை சொல்லுதா? அப்போ அந்தத் தளம் வேலை செய்யுது!