டிஸ்க் ஓடவில்லை என்று கொம்பியூட்டரை மாற்றாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். அலுமாரிக்குள் கலியாண டிஸ்க் வைத்திருக்கிற எல்லா வீடுகளுக்கும் இது பிரயோசனப்படும்.

என் ராத்தாவின் கலியாணம் 2012இல் நடந்தது. ஸ்டூடியோக்காரர் எச்.டி. கமெராவில் பிடித்து, இரண்டு டிவிடியும் ஒரு புளூ-ரே டிஸ்க்கும் தந்தார். டிவிடி இரண்டும் வீடு வீடாகப் போய்க் கீறல் விழுந்து முடிந்தன. புளூ-ரேயை ஓடவைக்க எங்களிடம் எதுவும் இல்லை. அதனால் அது பெட்டியோடு அலுமாரியிலேயே கிடந்தது.

2019இல் வாப்பா மௌத்தானார். அவருடைய போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல் மட்டும் எங்குமே இல்லை. அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. காவின் எழுதுகிற நேரம் வாப்பா வலியாக உட்கார்ந்து மகளை ஒப்படைக்கிறார். அதற்குப் பிறகு உள்வீட்டில் மூத்தம்மாவின் குரவைச் சத்தம். அவவும் இப்போது இல்லை.

இந்த நோன்பு லீவில் கட்டாரிலிருந்து வந்த மச்சான் ஒரு புளூ-ரே டிரைவ் கொண்டுவந்தார். யூஎஸ்பியில் மாட்டுகிற வகை. டிஸ்க்கைப் போட்டோம். "கிர்ர்" என்று சுற்றியது, நின்றது. திரும்பப் போட்டோம். அதே கதை. கொம்பியூட்டர் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனால், "சேர், உங்கட மெஷின் பழசு, இதுல எச்.டி. டிஸ்க் ஓடாது, புதுசு எடுங்க" என்றார்கள். சொன்ன விலை ஒரு இலட்சத்துக்கு மேல். "இல்லாட்டி டிஸ்க்க விட்டுட்டுப் போங்க, கொப்பி பண்ணித் தாறம்" என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ராத்தா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "பொம்புளயள்ற பக்கம் எடுத்தது முழுக்க அதுலதான் இருக்கு. கடைக்குக் குடுக்க வேணாம்." அவர் சொன்னது நியாயம். எங்கள் வீட்டுப் பெண்கள் உள்வீட்டில் இருந்த காட்சிகளை யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு வர நமக்கு மனம் வராது. கொப்பி எடுத்த பிறகு அங்கே அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

ஆகவே நானே இருந்து பார்த்தேன். இரண்டு இரவு போனது. கடைசியில் கண்டுபிடித்த பழுது என்ன தெரியுமா? டிரைவுக்குக் கரண்ட் போதவில்லை. பழைய யூஎஸ்பி வாசல் ஒன்று கொடுப்பது 500 மில்லிஅம்பியர்தான். புளூ-ரே டிரைவ் சுற்றத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கும். பெட்டிக்குள் இரண்டு தலை உள்ள வயர் ஒன்று இருந்தது. இரண்டு தலையையும் இரண்டு வாசலில் மாட்டியதும் டிஸ்க் திறந்தது. ஒரு இலட்சம் ரூபாய்ப் பிரச்சினை ஒரு வயரோடு முடிந்தது.

நான் சொல்லவருவது இதுதான். எச்.டி. டிஸ்க் ஓடாததற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. அவற்றில் மிகச் சிலதுக்குத்தான் புதுக் கொம்பியூட்டர் மருந்து. சிலதுக்குப் புதுக் கொம்பியூட்டர்தான் நோயே. எந்தக் காரணம் என்று தெரியாமல் காசை இறைப்பதும், "இது இனிச் சரிவராது" என்று டிஸ்க்கை எறிவதும் இரண்டுமே நட்டம்.

வரிசையாகப் பாருங்கள்.

1. டிரைவ் எது? சீடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் ஒரே 12 சென்ரிமீற்றர் வட்டம்தான். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். டிவிடியை வாசிப்பது சிவப்பு லேசர். புளூ-ரேக்கு நீல ஊதா லேசர் வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். சாதாரண டிவிடி டிரைவுக்குள் புளூ-ரேயைப் போட்டால் எந்தக் காலத்திலும் வாசிக்காது. டிரைவின் முகப்பில் புளூ-ரே அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. கரண்ட். மேலே சொன்ன கதை. இரண்டு தலை வயரைப் பாவியுங்கள். டெஸ்க்டொப் என்றால் பின்பக்க வாசலில் மாட்டுங்கள்.

3. டிஸ்க் திறக்கிறதா? டிரைவைத் திறந்தால் பி-டி-எம்-வி என்று ஒரு போல்டர் தெரியவேண்டும். தெரிந்தால் டிரைவும் டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. பாதிக் கவலை அதோடு முடிந்தது. தெரியாவிட்டால் டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கவேண்டாம். புளூ-ரேயில் பதிவு இருப்பது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான். டிவிடியில் 0.6.

4. எதால் திறக்கிறீர்கள்? விண்டோஸோடு வருகிற பிளேயர் புளூ-ரே படத்தை ஓட்டாது. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து டிவிடியைக்கூட அதில் சேர்த்துத் தருவதில்லை. விஎல்சி பிளேயரை இறக்குங்கள். அது இலவசம். மெனு வராவிட்டாலும் பரவாயில்லை. பி-டி-எம்-வி போல்டருக்குள் ஸ்ட்ரீம் என்று இன்னொரு போல்டர் இருக்கும். அதற்குள் எம்-2-டி-எஸ் என்று முடிகிற கோப்புகள் இருக்கும். அதில் ஆகப் பெரியதை விஎல்சியில் திறவுங்கள். உங்கள் கலியாணம் அதுதான்.

5. படம் விட்டு விட்டு ஓடுகிறதா? அந்தக் கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணி அங்கிருந்து ஓட்டிப் பாருங்கள். டிரைவின் வேகப் பிரச்சினை என்றால் அதோடு தீரும். அப்போதும் இழுத்தால் விஎல்சியின் செட்டிங்ஸில் ஹார்ட்வெயார் டிகோடிங் என்பதை மாற்றிப் பாருங்கள். டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள். புளூ-ரே 1920க்கு 1080. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. பழைய கொம்பியூட்டருக்கு அது பாரம்தான். ஆனால் பாரம் என்பதும் முடியாது என்பதும் ஒன்றில்லை.

எங்கள் டிஸ்க் நாலாவது படியில் ஓடியது. ஐந்தாவது படியில் சீராக ஓடியது.

இனி இதன் மறுபக்கம். அதில்தான் எனக்குக் கோபம்.

வகுப்பில் காட்டுவதற்காக நான் சொந்தக் காசில் ஒரு இயற்கை விவரணப்பட டிஸ்க் வாங்கி வைத்திருந்தேன். ஒரிஜினல். அதே டிரைவ், அதே வயர், அதே விஎல்சி. ஓடவில்லை. ஏஏசிஎஸ் என்கிற பூட்டைத் திறக்கிற சாவி உன்னிடம் இல்லை என்று ஒரு செய்தி வந்தது. கடையில் விற்கிற படங்களுக்கெல்லாம் இந்தப் பூட்டு இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் எரித்துத் தந்த கலியாண டிஸ்க்கில் பொதுவாக அது இருக்காது.

பூட்டு ஒன்று மட்டுமில்லை. கொம்பியூட்டரிலிருந்து மொனிட்டருக்குப் போகிற வழியில் எச்டிசிபி என்று இன்னொன்று. அதை ஏற்காத பழைய மொனிட்டர் என்றால் படம் வராது. அடுத்தது பிரதேசப் பூட்டு. நம் வீடுகளில் இதில் மாட்டுப்பட்டவர்கள் கூட. புளூ-ரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மத்திய கிழக்கு பி. நாம் சி. டிவிடியில் மத்திய கிழக்கு 2, நாம் 5. டோஹாவிலும் ஜித்தாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஆசையாக வாங்கிவருகிற டிஸ்க் இங்கே மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கும்போதே உறையின் பின்பக்கத்தில் அந்த எழுத்தைப் பாருங்கள். மூன்று எழுத்தும் இருந்தால் எங்கும் ஓடும். கொம்பியூட்டரின் டிவிடி டிரைவில் பிரதேசத்தை ஐந்து தடவை மட்டும் மாற்றலாம். ஐந்தாவதோடு அது அப்படியே நின்றுவிடும். விளையாட்டுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள்.

பூட்டுக்கான சாவியும் நிரந்தரமில்லை. 2007இல் சில பிளேயர் மென்பொருள்களின் சாவி வெளியே கசிந்தபோது அந்தச் சாவிகளை இரத்துச் செய்தார்கள். காசு கொடுத்து அந்த மென்பொருளை வாங்கியவர்கள் புதுப்பிக்காவிட்டால் புது டிஸ்க்குகளைப் பார்க்க முடியாது என்ற நிலை வந்தது.

இதைவிடப் பெரிய வேடிக்கை 4கே டிஸ்க். 2016இல் வந்தது. அதைக் கொம்பியூட்டரில் ஓட்ட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்கிற பாதுகாப்பு வசதி இருக்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். பிறகு இன்டெல் தன் 11ஆம், 12ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அதாவது சில வருடம் பழைய கொம்பியூட்டரில் ஓடுகிற டிஸ்க், அதைவிட வேகமான புதுக் கொம்பியூட்டரில் ஓடாது. "புதுசு எடுங்க" என்று சொல்கிற தம்பிமார் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

திருட்டுக் கொப்பியை நான் நியாயப்படுத்தவில்லை. ஒருவருடைய உழைப்பை எடுத்து விற்பது களவுதான். என் கேள்வி வேறு. சந்தையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு வாங்குகிற கொப்பி எந்த மெஷினிலும் கேள்வி கேட்காமல் ஓடுகிறது. ஒரிஜினலை வாங்கினவனிடம்தான் எந்த டிரைவ், எந்த மொனிட்டர், எந்த நாடு என்று விசாரணை. களவைத் தடுக்கப் போட்ட பூட்டு களவெடுத்தவனைத் தொடவே இல்லை. காசு கொடுத்தவனின் கையில்தான் விலங்கு. வாங்கிய பொருள் பாவிக்கக் கிடைக்கவேண்டும் என்பது வியாபாரத்தின் முதல் நியாயம் இல்லையா?

இப்படிப்பட்ட டிஸ்க் உங்களிடம் இருந்தால் கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். தனி புளூ-ரே பிளேயர் ஒன்றை எச்டிஎம்ஐ வயரால் டீவியில் மாட்டுவதுதான் சுருக்கமான வழி. வெளிநாட்டிலிருந்து டிஸ்க் அனுப்புகிறவர் பிளேயரையும் அங்கேயே வாங்கி அனுப்பினால் பிரதேசப் பிரச்சினையும் இல்லை.

திரும்பக் குடும்ப டிஸ்க்குக்கு வருகிறேன். அதற்குப் பூட்டு இல்லை. ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது.

நாம் கடற்கரை ஊர்க்காரர்கள். உப்புக்காற்றும் ஈரமும் இரும்புக் கதவையே தின்கிற இடம் இது. டிஸ்க் மட்டும் எத்தனை நாளைக்கு நிற்கும்? புது லெப்டொப்களில் டிஸ்க் போடுகிற இடமே இல்லை. சோனி நிறுவனம் எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் உற்பத்தியை 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. இன்று டிஸ்க் நன்றாக இருந்தாலும், பத்து வருடத்துக்குப் பிறகு அதை வாசிக்கிற டிரைவைத் தேடி அலையவேண்டி வரும்.

2004 டிசம்பர் 26ஐ நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கரையோரத்தில் எத்தனை வீடுகளில் ஆளும் போய், ஆளின் ஒரு போட்டோகூட மிஞ்சாமல் போனது. அல்பமும் வீடியோ கசெட்டும் அலுமாரியோடு போயின. பக்கத்து வீட்டில் இருந்த கொப்பியும் அதே தண்ணீரில்தான் போனது. அந்தப் பாடம் படித்த சமூகம், இருபது வருடத்துக்குப் பிறகும் ஒரே ஒரு டிஸ்க்கை ஒரே ஒரு அலுமாரியில் வைத்திருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியது:

கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்த கையோடு இன்னொரு கொப்பியும் எடுங்கள். ஒன்று வீட்டில். மற்றது வேறு ஊரில். நாங்கள் ஒன்றைச் சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் கொடுத்திருக்கிறோம். கடலுக்குத் தூரம், நம்பிக்கையான கை. பென் டிரைவில் ஏற்றும்போது "கோப்பு பெரிசு" என்று மறுத்தால் பயப்படவேண்டாம். பழைய எஃப்ஏடி-32 முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜிபியைவிடப் பெரிய கோப்பை ஏற்காது. எக்ஸ்-எஃப்ஏடி முறைக்குப் போர்மட் பண்ணுங்கள். அதில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். டிஸ்க்கையும் எறிந்துவிடாதீர்கள்.

ஸ்டூடியோ வைத்திருக்கிற சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அல்பத்தோடு சாதாரணக் கோப்பாக ஒரு பென் டிரைவிலும் கொடுங்கள். கொடுத்த பிறகு உங்களிடம் உள்ளதை எப்போது அழிப்பீர்கள் என்பதையும் பெண்வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். நம்பி வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள், அது ஒரு அமானிதம்.

தகவல் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிற என் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. சாதாரண தரப் பிள்ளைக்கு 25 ஜிபி என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். "உன் உம்மாவின் கலியாண டிஸ்க்கைக் கொப்பி எடுத்து வா" என்று ஒரு வீட்டுவேலை கொடுத்துப் பாருங்கள். பாடமும் விளங்கும், வெளியாளிடம் கொடுக்கவேண்டிய தேவையும் வீட்டுக்கு இருக்காது.

நாங்கள் பார்த்த அன்று இரவு தராவீஹ் முடிந்து எல்லோரும் உம்மா வீட்டில் கூடினோம். வாப்பா பேசுகிற இடம் ஒரு நிமிடம்கூட இராது. ராத்தாவின் சின்ன மகளுக்கு ஐந்து வயது. அவள் பிறக்க முன்பே வாப்பா மௌத்து. "மூத்தாப்பா பேசுறாரு" என்று அவளாகவே சொன்னாள். உம்மா அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கா போடச் சொன்னார். பிறகு இன்னொருக்கா.

உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். இந்தக் கிழமைக்குள்ளேயே பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று கொமெண்டில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். டிஸ்க்கை என்னிடம் கொண்டுவரத் தேவையில்லை. உங்கள் வீட்டிலேயே வைத்துச் செய்யலாம்.

வஸ்ஸலாம்.