லிட்டருக்கு எவ்வளவு?

மாடு பிடிக்கப் போகிற சம்சாரியைப் பார்த்திருக்கிறீர்களா? சுழி பார்ப்பான், பல்லைப் பிடித்துப் பார்ப்பான், கொம்பைத் தட்டுவான், நாலு தப்படி நடக்கவிட்டுக் குளம்பு பதிகிற விதத்தைக் கவனிப்பான். அத்தனையும் முடிந்த பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பேரம். 'ஒரு நாளைக்கு இது எத்தனை கட்டு வைக்கோல் தின்னும்?' என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தவன் ராமநாதபுரம் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அந்தச் சம்சாரியின் பேரன், வீட்டில் நிற்கும் பழைய காரைத் தள்ளிவிட்டுப் புதுச் சின்னக் கார் வாங்கப் புறப்படும்போது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

ஆர்.எஸ்.மங்கலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. மிளகாய் வியாபாரி கேட்கிறார், வாத்தியார் கேட்கிறார், சவூதியிலிருந்து பணம் அனுப்புகிற பிள்ளை டெலிபோனில் கேட்கிறான். கேட்கட்டும், தப்பில்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய வண்டியை இகழ நான் வரவில்லை. 1983 டிசம்பரில் பிறந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800, நம் நடுத்தரக் குடும்பங்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதலை செய்த வண்டி. அது தெருவை விட்டுப் போகும்போது பாட்டிமார் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பரிகசிக்க மாட்டேன். பதினைந்து வருஷம் ஆகிவிட்டதே, சர்க்கார் பிடுங்கிக்கொள்ளுமே என்று பயந்து விற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது டில்லிப் பக்கத்துப் பேச்சு. நம் ராஜ்யத்தில் தகுதிச் சோதனைக்குக் காட்டி, பதிவை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். ஆக, யாரும் உங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. மாற்றுகிறவர் ஒரு காரணத்துக்காகத்தான் மாற்றவேண்டும்.

மைலேஜ் அந்தக் காரணமாக நிற்குமா? கணக்குப் போடுவோம். நம் ஊர்க் குடும்பம் வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கொடுக்கிற வண்டிக்கு 400 லிட்டர் வேண்டும். 24 கொடுக்கிற வண்டிக்கு 333 லிட்டர். வித்தியாசம் 67 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 6,700 ரூபாய். ஒரு நாளைக்குப் பதினெட்டு ரூபாய்! ஒரு டீயும் ஒரு வடையும். இந்தப் பதினெட்டு ரூபாய்க்காகத்தான் மூன்று மாதம் விசாரித்து, நாலு ஷோரூம் ஏறி இறங்கி, மச்சானோடு சண்டை போட்டு வண்டி வாங்குகிறோம். அதிலும் கம்பெனி சொல்கிற எண், சோதனைச்சாலையில் உருளைமேல் ஓட்டி எடுத்தது. உருளைக்குத் தேவிபட்டினத்துக் கடல் காற்றும் தெரியாது, ஏசியை முழுக்கத் திருப்பிவைத்தால்தான் மூச்சுவிட முடிகிற நம் சித்திரை வெயிலும் தெரியாது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. மோதினால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

அபசகுனமாகப் பேசுகிறேன் என்று முகம் சுளிக்கிறீர்கள். சுளித்துக்கொண்டே படியுங்கள். 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்ற ஸ்தாபனம், இந்தியாவில் அப்போது மும்முரமாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சின்னக் கார்களை, காற்றுப் பை இல்லாத ஆரம்ப வகைகளாக எடுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இடிக்கும்படி மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தும் வாங்கிய நட்சத்திரம் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்துக்குள் ஒரு பேதம் இருந்தது. ஃபிகோவிலும் போலோவிலும் ஆள் உட்காரும் கூடு நசுங்காமல் நின்றது. குறை, காற்றுப் பை இல்லாததுதான். அதே போலோவை இரண்டு பையோடு மோதவிட்டபோது நாலு நட்சத்திரம் வாங்கியது. மற்ற மூன்றில் கூடே உட்கார்ந்துவிட்டது. அங்கே பை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வீட்டின் கூரை இடிந்து விழுகிறபோது கட்டிலில் எத்தனை தலையணை இருந்தால் என்ன?

இந்த ஐந்தில் நானோவும் ஃபிகோவும் ஆல்டோ 800-ம் போலோவும் இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய கார்ச் சந்தையில் மட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. 'கைமாற்று வண்டி போதும்' என்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

அப்புறம் எல்லாம் மாறிவிட்டது என்பார் கடைக்காரர். மாறியது உண்மை. 2019-ல் ஓட்டுநருக்குக் காற்றுப் பை கட்டாயம் ஆயிற்று. 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து இருக்கைக்கும். 2020 ஜனவரியில் டாடா ஆல்ட்ராஸ் ஐந்து நட்சத்திரம் வாங்கி, நம் நாட்டிலேயே, அதுவும் சின்னக் காரிலேயே, அதைச் செய்ய முடியும் என்று காட்டியது. ஆனால் 2022-ல் ஸ்விஃப்ட்டுக்கு ஒன்று, 2023-ல் வேகன் ஆருக்கும் ஒன்று, ஆல்டோ கே10-க்கு இரண்டு. 2025-ல் வேகன் ஆருக்கும் ஆல்டோவுக்கும் ஆறு பை வைத்திருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. சந்தோஷம். ஆனால் பையை எண்ணிக் கொடுப்பவரிடம் கூட்டைப் பற்றியும் கேளுங்கள். உயரமாக நிற்கிறதே, ஜீப் மாதிரி இருக்கிறதே என்றும் மயங்கவேண்டாம். அப்படி நிமிர்ந்து நின்ற எஸ்-பிரெஸ்ஸோ 2020 நவம்பரில் வாங்கியதும் பூஜ்யம்தான்.

'ஊருக்குள் ஓட்டத்தானே, சின்ன வண்டி போதும்' என்கிறார்கள். எந்த ஊருக்குள்? மங்கலத்தின் கடைவீதியை ஒரு முறுக்குக் கடித்து முடிப்பதற்குள் நடந்துவிடலாம். இங்கே கார் கிளம்புகிறது என்றால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு, தேவகோட்டைக்கு, தொண்டிக்கு, கல்யாணச் சேலை எடுக்க மதுரைக்கு. எல்லாம் நெடுஞ்சாலை. மாலை மங்கினால் சீமைக்கருவேல் மறைவிலிருந்து ஆடு பாய்கிறது. பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நிற்கிறது. எதிரே ராமேசுவரத்து யாத்திரை பஸ், விடிவதற்குள் அக்கினி தீர்த்தத்தில் முழுக்குப் போடவேண்டுமென்ற வேகத்தில் வருகிறது. பட்டணத்து நெரிசலில் பத்து மைல் வேகத்தில் ஊர்கிறவனுக்காவது தகரம் போதும் என்று சொல்லலாம். நமக்குப் போதாது.

'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்கிற பெரியவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் பெற்ற பெரிய கண்மாய் உங்கள் ஊரில் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் அதில் தண்ணீர் இல்லை. கரையில் மாடுதான் மேய்கிறது. அதற்காகக் கரையை யாராவது கரைத்து விற்றார்களா? ஐப்பசி கார்த்திகையில் ஏதோ ஓர் இரவு அது நின்றாகவேண்டும். அந்த ஓர் இரவுக்காகத் தலைமுறை தலைமுறையாக மண் சுமந்தவர்கள் தலையெழுத்தை நம்பாதவர்களா?

விலை அதிகமாகிறதே என்பது நியாயமான கேள்வி. ஆகத்தான் செய்கிறது. அப்படியானால் உறுதியான வண்டியின் கீழ்வகையை வாங்குங்கள். சினிமாத்திரை மாதிரி கண்ணாடிப் பலகை எதற்கு? கூரையில் ஜன்னல் வைத்த வண்டிக்கு அரை லட்சம் கூடக் கொடுக்கிறார்கள். ராமநாதபுரம் ஜில்லா வெயிலுக்குக் கூரையில் ஜன்னல் ஒரு கேடா? வாங்கிய மறுநாளே முன்னால் கட்டுகிற கம்பிப் பம்பரையும் விட்டொழியுங்கள். நசுங்கி அடியைத் தாங்குவதற்கென்றே அமைத்த முன்பகுதியை அது நசுங்கவிடாது. அதை 2017 டிசம்பரிலேயே சர்க்கார் கூடாது என்று சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். காரைத் தேர்ந்தெடுக்கிறவர் யார்? ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிற ஆண்பிள்ளை. ஷோரூமில் அவர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அடித்துப் பார்த்து, முடிவு செய்துவிடுகிறார். பின்னால் உட்காரப்போகிற அம்மாவையும் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் யாரும் கேட்பதில்லை. போலீசுக்குப் பயந்து முன்னால் பெல்ட் போடுகிறோம். பின்னால் போடுவது கேவலம்போலத் தோன்றுகிறது. 2022 செப்டம்பரில் மும்பைக்கு வரும் சாலையில் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் இருந்தது உயர்ந்த ஜெர்மன் காரில், பின் இருக்கையில், பெல்ட் இல்லாமல். அவ்வளவு உறுதியான கூட்டுக்குள்ளும் மனிதன் பறந்துபோய் மோதினான் என்றால், நம் வீட்டுக் கிழவிக்கு என்ன காவல்? பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம்தான். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை ஏமாற்ற ஒரு கொக்கி விற்றார்களே, தெரியுமா? 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு அதன் விற்பனையை நிறுத்தச் சொல்லவேண்டியிருந்தது. சாவதற்குக்கூட இப்படிச் சாமர்த்தியம் காட்டுகிற ஜனங்கள் நாம்!

ஆகையால் ஷோரூமுக்குப் போகிறவர் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போகட்டும். முதலில் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவில் உட்காருகிறவருக்கும் தோள்வரை பெல்ட் இருக்கிறதா, இடுப்புக்கு மட்டுமா? தலைக்குப் பின்னால் தாங்கல் இருக்கிறதா? 2023 அக்டோபரிலிருந்து 'பாரத் என்கேப்' என்று நம் நாட்டிலேயே மோதல் சோதனை நடக்கிறது. விருப்பமுள்ள கம்பெனிகள் அனுப்பலாம். இந்த வண்டியை அனுப்பினீர்களா, எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். 'அதெல்லாம் யாரும் கேட்கிறதில்லையே சார்' என்று பையன் சிரிப்பான். சிரிக்கட்டும். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் சீட்டுக்கு உறை தைக்கக் கொடுப்பீர்கள். தைப்பவர் பழக்க தோஷத்தில் பின் இருக்கையின் பெல்ட் பூட்டுகளை உறைக்கடியில் தள்ளி மூடிவிடுவார். பக்கத்தில் நின்று, துணியில் ஓட்டை போட்டு, மூன்று பூட்டையும் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கூலியைக் கொடுங்கள்.