டீபக்கரை ஏன்யா திட்டுறீங்க? பேரைப் பாருங்க!

பொட்டி தட்டுற நம்ம மக்கள்கிட்ட ஒரு வியாதி இருக்கு. எக்லிப்ஸ்ல டீபக் பட்டனை அமுக்கினதும் 'விஎம்மோடு இணைக்க முடியவில்லை'ன்னு வந்தா போதும், உடனே மூணு வைத்தியம் ஆரம்பிச்சுடும்: ஃபயர்வாலை அணை, ஆன்டிவைரஸை அணை, எக்லிப்ஸை அழிச்சுட்டு மறுபடி போடு. ஒரு நாள் பொழுது காலி.

கொஞ்சம் யோசிங்க சாமி. டீபக்கரும் உங்க புரோகிராமும் ஒரே பொட்டிக்குள்ளதான் இருக்கு. எக்லிப்ஸ் ஒரு போர்ட்டைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். ஜாவா கிளம்பி வந்து 'லோக்கல்ஹோஸ்ட், இன்ன போர்ட்'னு அந்தக் கதவைத் தட்டணும். அவ்வளவுதான். லோக்கல்ஹோஸ்ட்ங்கிறது வெறும் பேரு. அதை முகவரியா மாத்துறதுக்குப் பொட்டி புரட்டிப் பார்க்கிறது ஹோஸ்ட்ஸ்ங்கிற குட்டிக் கோப்பு. அதுல 127.0.0.1 இருக்க வேண்டிய இடத்துல வேற ஐபி உட்கார்ந்திருந்தா, ஜாவா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கும். எக்லிப்ஸை நூறு தடவை மாத்திப் போட்டாலும் அந்தக் கோப்பு அப்படியேதான் இருக்கும்!

உபுண்டுல இன்னொரு கூத்து. பொட்டியோட பேரு 127.0.1.1ங்கிற வரியில இருக்கும். ஆசையா பொட்டிக்குப் புதுப்பேரு வைப்பாங்க, இந்த வரியை மறந்துடுவாங்க. அப்புறம் ஜாவா 'நான் யாரு?'ன்னு கேட்டா பல இடத்துல பதில் வராது, அன்நோன் ஹோஸ்ட் எக்ஸெப்ஷன்தான் வரும்.

பேரு சரியா இருந்தாலும் ஐபிவி6 கவுத்துடும். ஒருத்தர் 127.0.0.1ல காத்திருப்பார், இன்னொருத்தர் ::1ல போய்த் தேடுவார். 2021ல வந்த நோட் 17, ஐபிவி4 முகவரியை முன்னாடி தள்ளுற பழக்கத்தை விட்டதும் இப்படி முட்டிக்கிட்டவங்க நிறைய.

எனக்குக் கோவம் வர்ற இடம் இனிமேதான். 2017ல வந்த ஜாவா 9ல இருந்து, வெறும் போர்ட் எண் கொடுத்தா டீபக் கதவு சொந்தப் பொட்டிக்கு மட்டும்தான் திறக்கும். காரணமாத்தான் அப்படி வெச்சாங்க. நம்மாளு என்ன பண்றாரு? நட்சத்திரக்குறி போட்டு ஊருக்கே திறந்து விட்டுட்டு ஃபயர்வாலையும் அணைச்சிடுறாரு. ஜாவா டீபக் நெறிமுறையில பாஸ்வேர்டே கிடையாதுங்க! உள்ள நுழையுறவன் உங்க பேர்ல நினைச்சதை ஓட்டலாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறது இதுதான்.

கருவி செய்றவங்களுக்கும் ஒரு குட்டு. 'முடியவில்லை'ன்னு மொட்டையா சொல்றதுக்குப் பதிலா 'இந்தப் பேரைத் தேடினேன், இந்த முகவரி கிடைச்சுது, அங்க யாரும் இல்லை'ன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?

அதனால மக்களே, எதையும் அணைக்கிறதுக்கு முன்னாடி லோக்கல்ஹோஸ்ட்டை பிங் பண்ணுங்க. 127.0.0.1 அல்லது ::1 வரணும். அடுத்து பொட்டியோட பேரை பிங் பண்ணுங்க. உங்க பொட்டியோட முகவரியேதான் வரணும். ரெண்டு நிமிஷ வேலை.

டிஸ்கி: டீபக் பண்ண வேண்டியது தூரத்து சர்வர்ல இருக்கா? அப்பவும் நட்சத்திரம் வேண்டாம், எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போட்டுப் போங்க :-)