பச்சாத்தாபம் என்னுஞ் சொல்

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையாரிடம் ஆராயாது கடுஞ்சொல் ஒன்று கூறிவிட்டேன். கல்லூரிக்குத் திரும்பிய பின் மனம் பொறாது, 'அன்று கூறியதை எண்ணிப் பச்சாத்தாபப்படுகிறேன்' என்று கடிதம் வரைந்தேன். 'உன் பச்சாத்தாபம் எனக்கு வேண்டுவதில்லை' என மறுமொழி வந்தது. யான் தம்மேல் இரக்கங் காட்டியதாகவே அவர் கொண்டனர்! பிழை அவருடையதன்று, இக்காலத்துப் பலரும் அச்சொல்லை அப்பொருளிலேயே வழங்குகின்றனர்.

அது வடசொல். பஸ்சாத் என்பது பின்னர் என்றும், தாபம் என்பது வெம்மை என்றும் பொருள்படும். செய்யும்போது சுடாத தீச்செயல், செய்து முடித்த பின்னர்ச் செய்தவனையே சுடுவது பச்சாத்தாபம். ஆங்கிலத்தில் இதற்கு நேராகிய 'ரிமோர்ஸ்' என்பதோ, மீண்டுங் கடித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்தது. சுடினும் கடிப்பினும் நோவு செய்தவனுக்கே என்பதில் இரு சொற்களும் ஒத்தன. நாமோ அத்தீயைப் பிறர்பாற் காட்டும் இரக்கமாக ஆற்றிவிட்டோம்.

'கழிவிரக்கம் என்னுந் தமிழ்ச்சொல் உண்டே' என்பர் தனித்தமிழ் அன்பர். உண்டு. கழிந்ததற்கு இரங்குதல் அது. வள்ளுவரும் வினைத்தூய்மை அதிகாரத்தில், செய்ததை நினைந்து வருந்துதற்கு இரங்குதல் என்னும் வினையையே ஆண்டுள்ளார். ஆயின் இன்று எழுதுவோர் பலர் கழிவிரக்கத்தைத் தன்னிரக்கத்துக்குப் பெயராக்கிவிட்டனர். கழிந்த செயல் மறைந்தது. 'ஐயோ, யான்' என்பதே எஞ்சியது.

மனஸ்தாபத்தின் கதை இன்னும் இரங்கத்தக்கது. மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் யூதாஸ் மனஸ்தாபப்பட்டான் என்பதைச் சிறுவயதில் வாசித்த யான், அவன் ஆசாரியரோடு பிணங்கினான் என்றே நெடுநாள் கருதியிருந்தேன்.

சொற்கள் பொருள் மாறுதல் இயல்பு என்பதை யானும் ஒப்புவேன். எனினும், செய்தவன் தன் செயலை நேர்நின்று நோக்கும் அவ்விடத்தை விட்டே இம்மூன்றும் விலகியது தற்செயலென்று நம்பக்கூடவில்லை. சுடும் இடத்தில் நிற்க நாவும் விரும்பாது போலும். தமிழ் பயிலும் நாமேனும் இச்சொற்களைப் பழைய பொருளில் வழங்குதல் வேண்டும், அதற்கு நாணவேண்டுவதில்லை.

தமக்கையார்க்கு மறுபடியும் எழுதினேன். இம்முறை அம்மூன்றில் ஒன்றையும் துணைக்கழைக்கவில்லை. 'அக்கா, நான் சொன்னது தவறு. நினைக்குந்தோறும் சுடுகிறது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.