கிரகம் தேடியவருக்கு வரிக்கணக்கு வேலை

உங்கள் வருமான வரிக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிறவரிடம், இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கனடாவில் ஒருவரிடம் கேட்டிருந்தால், ‘வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்’ என்று பதில் வந்திருக்கும். பெயர் புரூஸ் கேம்பல்.

நானும் பி.காம்.தான். வரிக்கணக்கு மட்டமான தொழில் என்று எழுதினால் கூடப் படித்தவர்கள் அடிக்க வருவார்கள். என் கோபம் வேறு.

கிரகம் சுற்றும்போது அதன் இழுப்பில் நட்சத்திரமும் லேசாக ஆடும். வியாழன் நம் சூரியனை ஆட்டுவது விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில். அதாவது, டவுன் பஸ் வேகம்! அதைப் பல ஒளியாண்டுகளுக்கு இந்தப் பக்கம் நின்று அளக்க வேண்டும். கேம்பலும் கோர்டன் வாக்கரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற விஷவாயுவைக் குழாயில் அடைத்து, நட்சத்திர ஒளியை அதன் வழியே விட்டார்கள். ஒளியில் வாயு பதிக்கும் கோடுகள்தான் அளவுகோல். கசிந்தால் ஆபத்து. ஹவாயின் மௌனா கியா மலை உச்சியில் வருஷத்துக்குச் சில ராத்திரிகள்தான் டெலஸ்கோப் கிடைக்கும். அப்படியே 12 வருஷம் தேடல் நடந்தது. பார்த்த நட்சத்திரங்கள் 21.

1988-ல், காமா செஃபி என்ற நட்சத்திரம் சந்தேகப்படும்படி ஆடுகிறது என்று எழுதினார்கள். பெரிதாக யாரும் அசரவில்லை. கேம்பலுக்கு நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை. 1991-ல் வெறுத்துப்போய் வானியலுக்கே கும்பிடு போட்டுவிட்டார். அடுத்த வருஷம் வாக்கர் குழுவே, அது நட்சத்திரத்தின் சொந்தச் சேட்டையாக இருக்கலாம் என்று பின்வாங்கியது.

1995-ல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசியைச் சுற்றும் கிரகத்தை அறிவித்தார்கள். சுற்றிவர நாலே நாள்! 2019-ல் நோபல் பரிசில் பாதி இவர்களுக்கு. தகுதியானவர்கள்தான், பிடுங்கச் சொல்லவில்லை.

ஆனால் வியாழன் ஒரு சுற்று முடிக்கவே 12 வருஷம் ஆகும் சாமி! அப்படியொன்றைத் தேடப் போன ஆளிடம் வருஷா வருஷம் ‘ரிசல்ட் எங்கே?’ என்று கேட்டால் எங்கே போவான்? மெஷின் வாங்கினால்கூட, பத்து வருஷம் உழைக்கும் என்று தேய்மானத்தைப் பிரித்து எழுதச் சொல்லித் தந்தார்கள் எங்கள் வகுப்பில். மனுஷனுக்கு அந்தச் சலுகை கிடையாதா?

2003-ல் காமா செஃபிக்குக் கிரகம் இருப்பது உறுதியானது. புது அளவுகளோடு அந்தப் பழைய ஹவாய் ராத்திரிகளின் அளவுகளையும் சேர்த்துத்தான் நிரூபித்தார்கள். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் கேம்பல் பெயரும் இருக்கிறது. அவர் வானியலை விட்டு அப்போது 12 வருஷம் ஆகியிருந்தது.