வறண்ட கணக்கிற்கு ஒறுப்பா?

இலஞ்சி என்பது நீர்நிலைக்குப் பழந்தமிழர் இட்ட பெயர். குற்றாலத்தை அடுத்த இலஞ்சியூரில் நடவும் அறுப்பும் சாரற்கால வாணிகமும் தரும் வருவாய் சில திங்கள்களே வங்கிக்குச் செல்லும்; பிற திங்கள்களில் கணக்கு வறண்டு கிடக்கும். அவ்வறட்சிக்கே ஒறுப்புக் கட்டணம் பிடிப்பது என்ன முறை?

இந்தியச் சேம வங்கி (ரிசர்வ் வங்கி) 2014 நவம்பர் 20-ஆம் நாள் விடுத்து, 2015 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆணை தெளிவானது. இருப்புக் குறைந்தால் முதற்கண் அறிவித்தல் வேண்டும். ஈடுசெய்ய ஒரு திங்களேனும் தவணை தரல் வேண்டும். குறைந்த அளவிற்கேற்பவே கட்டணம் பிடித்தல் வேண்டும். அக்கட்டணத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்குச் சுழிக்குக் கீழிறங்கி மிகைப்பற்றாதல் கூடாது. இவற்றை எத்துணைக் கூலியாளர் அறிவர்? ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தி, அதனைப் படிக்கவியலாதார்க்கு அறிவிப்பாகுமா?

பாரத இசுடேட்டு வங்கி 2020-இலும் இந்தியன் வங்கி 2025 சூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இக்கட்டணத்தை நீக்கின. நீக்காத வங்கிகளும் உள. ஆங்குக் கணக்குடையோர், குறைந்த அளவு இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டுப் பெறலாம். முறைதவறிப் பிடித்த தொகைக்குக் கிளையில் எழுத்தில் முறையிட்டு ஒப்புகை பெறுக. 30 நாளில் விடை வாராவிடின், சேம வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கிளைக்கு எழுதும் முறையீடு தமிழிலேயே இருக்கட்டும்.